மின்துறைச் சீர்திருத்தம்: முதலீட்டாளரை அழைக்கும் முன் நேரும் தவறுகள்

வளரும் நாடுகளில் மின்வெட்டு வந்ததும் அரசு முதலில் தேடுவது புது மின்நிலையம் கட்டித்தர ஆள். தவறு அங்கேயே தொடங்குகிறது. மின்நிலையத்துக்குக் கொடுக்கும் பணம் கடைசியில் வீட்டு மீட்டரிலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு கணக்கு பாருங்கள். விநியோக நிறுவனம் 100 யூனிட் வாங்குகிறது. 80 யூனிட்டுக்கே பில் போகிறது. மீதி கம்பியில் வீணாகிறது அல்லது கொக்கி போட்டு எடுக்கப்படுகிறது. பில் தொகையிலும் 90 சதவீதம்தான் வசூல். ஆக, கைக்கு வருவது 72 யூனிட்டின் பணம். 5 ரூபாய்க்கு வாங்கி 6 ரூபாய்க்கு விற்றாலும் வரவு 432 ரூபாய், கொள்முதல் செலவு 500. சம்பளமும் பராமரிப்பும் இன்னும் சேரவில்லை. இப்படியே மெகாவாட்டைக் கூட்டினால் நஷ்டமும் கூடும்.

இந்த இழப்பை அளக்காமல் ஊகிப்பது அடுத்த தவறு. ஒடிசா 1996-ல் மின்வாரியத்தைப் பிரித்தது. 1999-ல் விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுத்தது. இந்தியாவில் அந்தத் துணிச்சல் முதலில் வந்தது அங்கேதான். ஆனால் மீட்டர்கள் சரியாக இல்லாத நிலையில் போட்ட மதிப்பீட்டைவிட உண்மை இழப்பு அதிகமாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பெரும்புயல் மின்கட்டமைப்பையும் நாசமாக்கியது. மத்தியப் பகுதியை எடுத்த அமெரிக்க நிறுவனம் 2001-ல் வெளியேறியது.

மின்நிலையத்திடம் மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக் கட்டணம் உண்டு என்ற ஒப்பந்த ஷரத்து முதலீட்டாளருக்குக் கடன் கிடைக்கத் தேவை. அதைக் குறை சொல்ல முடியாது. தேவையைக் கூட்டிக் கணித்துவிட்டு அதில் கையெழுத்திடுவதுதான் ஆபத்து. கானா மின்வெட்டுக்குப் பயந்து ஒப்பந்தங்களைக் குவித்தது. 2019-ல் நிறுவுதிறன், அதாவது நிலையங்களால் மொத்தமாகத் தர முடிந்த அளவு, 5,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தது. உச்சத் தேவை சுமார் 2,700.

மகாராஷ்டிராவின் தாபோல் திட்டம் போட்டி ஏலமின்றி வந்தது. 1993-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் விலை டாலரோடு கட்டப்பட்டிருந்தது. நிலையம் ஓடியது கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் நாஃப்தாவில். ரூபாய் சரிந்து, எண்ணெய் விலையும் ஏறியதும் மின்வாரியத்தால் தாங்க முடியவில்லை. 1999-ல் ஓடத் தொடங்கிய நிலையம் 2001-ல் நின்றது. மக்கள் ரூபாயில் கட்டும்போது, மாற்று விகித அபாயம் முழுவதையும் வாங்குபவர் தலையில் வைக்கக் கூடாது.

ஏலம் விடுவதற்கு முன் ஒவ்வொரு ஃபீடரிலும் (துணைமின்நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்குப் போகும் மின்பாதை) டிரான்ஸ்பார்மரிலும் மீட்டர் பொருத்தி, 12 மாத அளவீட்டை ஏல ஆவணத்தோடு இணையுங்கள். விவசாயப் பருவமும் கோடைக்கால ஏசி சுமையும் அதில் பதிவாகியிருக்க வேண்டும்.