ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்கு வீட்டுச் சமையலிலிருந்தே உணவு

பிள்ளைக்கு ஆறு மாதம், அதாவது 180 நாட்கள் நிறைவடையும் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூடத் தேவையில்லை என்பதை வன்னியில் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் குடும்பநல உத்தியோகத்தர் சொல்லியே அனுப்புவார். அதற்குப் பிறகு என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதில்தான் வீடுகளில் தடுமாற்றம் தொடங்குகிறது. கடையில் விற்கும் பேணி மாவை வாங்க வசதியில்லையே என்று வருந்தும் இளம் தாய்மாரை நான் அடிக்கடி காண்கிறேன். நெல்லும் பயறும் உழுந்தும் விளைகின்ற, குளத்து மீனும் முற்றத்து முருங்கையும் கைக்கெட்டும் இந்த மண்ணில் அந்த வருத்தம் வேண்டியதில்லை. பிள்ளைக்கென்று தனியாக அடுப்பு மூட்டவும் தேவையில்லை. வீட்டுக்குச் சமைக்கும்போதே, உப்பும் மிளகாய்த்தூளும் சேர்ப்பதற்கு முன்னர், பிள்ளையின் பங்கை எடுத்து வைத்துவிட்டால் போதும்.

முதலில் தடிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மூத்த மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் நான் கொடுத்தது அரிசிக் கஞ்சியின் தெளிவை மட்டுமே. தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன். கிளினிக்கில் நிறை பார்த்தபோது, பதிவேட்டில் அதுவரை மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்த கோடு கிடையாகப் படுத்திருந்தது. பிள்ளையின் இரைப்பை மிகச் சிறியது. அதைத் தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு இடமிருக்காது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. குழைத்த உணவைக் கரண்டியில் எடுத்துச் சரித்துப் பாருங்கள். ஒழுகி ஓடினால் அது பிள்ளைக்குப் போதாது. கரண்டியில் தங்கி நின்று, மெல்ல வழுக்கி விழுந்தால் அதுவே சரியான பதம்.

தொடக்கத்தில் இரண்டு மூன்று கரண்டி வீதம் ஒரு நாளைக்கு இரு வேளை கொடுத்து, பிள்ளை பழகப் பழக 250 மில்லிலீற்றர் கோப்பையில் பாதியளவுக்குக் கூட்டிச் செல்லலாம். எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளையும், ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று அல்லது நான்கு வேளையும் உணவு வேண்டும். இடையில் பழம் போன்ற சிற்றுணவு ஒன்றிரண்டு சேரலாம். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

வேலை நெருக்கடியுள்ள நாட்களில் எனக்கு மிகவும் கைகொடுத்தது சோற்றுப் பானைக்குள் வைக்கும் கிண்ணம்தான். ஒரு சிறிய சில்வர் கிண்ணத்தில் கழுவிய மைசூர்ப் பருப்பு ஒரு மேசைக்கரண்டி, தோல் சீவி மெல்லியதாக வெட்டிய பூசணித் துண்டுகள் நான்கைந்து, அவை மூழ்குமளவு தண்ணீர் ஆகியவற்றை இட்டு, அரிசி பாதி வெந்து தண்ணீர் வற்றத் தொடங்கும்போது பானையின் நடுவே அமர்த்தி மூடிவிட வேண்டும். சோறு வெந்து இறங்கும்போது பருப்பும் பூசணியும் மசிந்திருக்கும். பருப்பில் இன்னும் பருக்கை தெரிந்தால் கிண்ணத்தை மட்டும் தணலில் ஐந்து நிமிடம் வைத்தெடுக்கலாம். அதனுடன் இரு மடங்கு சோற்றைச் சேர்த்துக் கரண்டியின் பின்புறத்தால் மசித்து, ஒரு தேக்கரண்டி தேங்காய் முதற்பாலையோ நல்லெண்ணெயையோ விட்டுக் குழைத்தால் உணவு தயார். குத்தரிசிச் சோறாயின் சற்றுக் கூடுதலாக வேகவிடுங்கள். மிக்சியில் அடித்துக் கூழாக்குவதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் சிறு திப்பியை நாவால் அழுத்தி விழுங்கப் பிள்ளை பழக வேண்டும். பூசணிக்குப் பதிலாகக் கரட், வற்றாளைக் கிழங்கு என்று நாளுக்கொன்றாக மாற்றலாம். முருங்கை இலையாயின் நரம்பு நீக்கி, பொடியாக அரிந்து, கிண்ணத்தில் கடைசியில் இட்டால் போதும்.

கருவிலிருந்தபோது பிள்ளை சேர்த்து வைத்த இரும்புச்சத்து ஆறு மாதமளவில் தீரத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் உள்ள இரும்பு மட்டும் அதன் பிறகு போதாது. ஆகவே மீன், முட்டை, ஈரல் ஆகியவற்றை ஒரு வயது வரை தள்ளிப்போடுவது தவறு. குளத்து விராலும் திலாப்பியாவும் தொடங்குவதற்கு நல்லவை. கடற்கரைப் பக்கத்தில் இருப்பவர்கள் பாரை, விளைமீன் போன்ற சதைப்பிடிப்பான மீனை எடுக்கலாம். சூடை போன்ற பொடிமுள் மீன்களை இந்த வயதில் விட்டுவிடுங்கள். கறிக்கு மீன் வெட்டும்போதே ஒரு துண்டை எடுத்து, மஞ்சள் சேர்த்த தண்ணீரில் நன்றாக அவித்து, ஆறியதும் வெள்ளைத் தட்டொன்றில் வைத்துச் சதையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நசுக்கி நசுக்கிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் முள் விரலுக்குத் தப்பாது. ஒரு தடவை பார்த்தது போதாது. மூன்று தடவையாவது பாருங்கள். பிறகு அதைச் சோற்றுடனோ அவித்த உருளைக்கிழங்குடனோ மசிக்கலாம். முட்டையை மஞ்சளும் வெள்ளையும் இறுகும் வரை அவித்தே கொடுக்க வேண்டும், அரைவேக்காடு ஆகாது. வாரத்தில் ஒரு நாள் கோழி ஈரலில் சிறு துண்டொன்றை முழுதாக வேகவைத்து மசித்துச் சோற்றில் கலக்கலாம். மரக்கறி மட்டும் உண்ணும் வீடுகளில் பயறு, பருப்பு, கீரை ஆகியவற்றுடன் பப்பாசிப்பழமோ சில துளி தேசிக்காய்ச் சாறோ சேர்ந்தால் இரும்பு உடலில் நன்கு ஏறும்.

காலபோக அறுவடை நடக்கும் மாசி, பங்குனி மாதங்களில் தாய் வயலுக்குப் போக, பிள்ளை அம்மம்மாவின் கையில் இருக்கும். காலையில் குழைத்து வைத்ததை மதியம் தீத்துவது ஆபத்து. நம் வெக்கையில் சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. அந்த நாட்களுக்கென வறுத்த மாவை முன்கூட்டியே செய்து வையுங்கள். பச்சையரிசி இரண்டு பங்கு, பயறு ஒரு பங்கு. இரண்டையும் தனித்தனியே வாசம் எழும் வரை வறுத்து, அரைத்து, அரித்து, காற்றுப் புகாத போத்தலில் இட்டால் இரண்டு வாரம் கவலையில்லை. அரிசிக்குப் பதிலாகக் குரக்கனும் நல்லது. மூன்று மேசைக்கரண்டி மாவை ஒரு தேநீர்க் கோப்பைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கைவிடாமல் துழாவிப் பத்து நிமிடம் காய்ச்சினால் அம்மம்மாவே அப்போதைக்கப்போது சூடாகக் கொடுத்துவிடலாம். இனிப்புக்குச் சீனி வேண்டாம். கனிந்த வாழைப்பழம் பாதியை மசித்துக் கலந்தால் போதும். கிளினிக்கில் திரிபோஷா கிடைத்தால் அதையும் இவ்வாறே பழத்துடன் குழைத்துக் கொடுக்கலாம். சோளமும் சோயாவும் சேர்ந்த அந்த மா நிறை குறைந்த பிள்ளைக்கென்றே தரப்படுவது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பலகாரமாக அது போய்விடக் கூடாது.

பெரியவர்கள் அன்போடு செய்யும் சிலவற்றைப் பணிவாக மறுக்கத்தான் வேண்டும். காட்டுத் தேன் எவ்வளவு சுத்தமானதாயினும் ஒரு வயதுக்கு முன் நாவில் தடவவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி இந்த வயதுக் குடலில் நஞ்சை உண்டாக்கும். தேத்தண்ணீரில் பிஸ்கட் தோய்த்துக் கொடுப்பதும் நல்லதல்ல, ஏனெனில் தேயிலை இரும்பை உடலில் ஏறவிடாமல் தடுக்கும். கச்சான் பருப்பை முழுதாக ஒருபோதும் கொடுக்காதீர்கள். வறுத்துப் பொடித்து மாவில் கலக்கலாம். பாலைப்பழமும் அதன் பிசினுக்காகவும் விதைக்காகவும் காத்திருக்கட்டும். எந்தப் புது உணவையும் ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அறிமுகம் செய்யுங்கள். உடல் தடித்தாலோ முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஒன்பதாம் மாதமளவில் இடியப்பத்தை உதிர்த்து, உப்பும் மிளகாயும் இடாமல் பிரித்தெடுத்த சொதியில் ஊறவிட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் ஆவலாக உண்பார்கள். புட்டு உலர்ந்து தொண்டையில் அடைக்கும் என்பதால் அதையும் நன்கு நனைத்தே கொடுக்க வேண்டும். அவித்த கரட்டை விரல் நீளத்துக்கு வெட்டிக் கையில் கொடுங்கள், சிந்தினாலும் பரவாயில்லை. நாவால் வெளியே தள்ளினால் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துவிடாமல், இரண்டு நாள் விட்டு அதே உணவை மீண்டும் வையுங்கள். என் இளையவன் பருப்பை ஏற்றுக்கொண்டது ஏழாம் தடவையில்தான்.

வயிற்றோட்டமோ காய்ச்சலோ வந்தால் உணவை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்து, வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்ற, நீரிழப்பை ஈடுசெய்யும் கரைசலையும் பருக்கி, பிள்ளை விரும்பும் மென்மையான உணவைச் சிறிது சிறிதாகத் தீத்துங்கள். சுகமான பின் இரண்டு வாரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இழந்த நிறை திரும்பிவிடும்.