கைடு புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்: அங்கோர் பயணத்துக்குத் திட்டமிடுவது எப்படி

வெளிநாட்டுப் பயணம் முடிவானதும் பலர் கைடு புத்தகம் ஒன்றை வாங்கி, முன்பக்கத்து வண்ணப் படங்களையும் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலையும் புரட்டிவிட்டு, அந்தப் பட்டியலையே திட்டம் என்று வைத்துக்கொள்கிறார்கள். புத்தகத்தில் உண்மையாகவே உதவுகிற பகுதிகள் அந்தப் பட்டியலுக்கு அப்பால்தான் இருக்கின்றன. கடைசியில் சின்ன எழுத்தில் வரும் நடைமுறைத் தகவல்கள், வரைபடங்கள், கோயில்களின் தரைப்படங்கள். கம்போடியாவில் அங்கோர் கோயில்களுக்கு நான் போட்ட திட்டத்தை வைத்தே இதைச் சொல்கிறேன்.

முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். அதில் உள்ள தகவல்கள் அதற்கும் முன்னால் திரட்டியவை. 2024-இல் நான் போனபோது கையில் இருந்தது நண்பர் கொடுத்த பழைய பதிப்பு. விமான நிலையம் அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்தில் உள்ள சியெம் ரீப் ஊரிலிருந்து 7 கிலோமீட்டர் என்று அதில் இருந்ததை நம்பி, இரவு ஒன்பது மணிக்கு இறங்குகிறேன், ஒன்பதரைக்கு வந்துவிடுவேன் என்று விடுதிக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊருக்குக் கிழக்கே 40 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. விடுதிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, பாவம், அவர் தூங்காமல் வாசலிலேயே காத்திருந்தார். நுழைவுச் சீட்டும் அப்படித்தான். 2017 பிப்ரவரியில் ஒரு நாள் சீட்டு 20 டாலரிலிருந்து 37 ஆனது, மூன்று நாள் சீட்டு 40-இலிருந்து 62, ஏழு நாள் சீட்டு 60-இலிருந்து 72. அதற்கு முந்தைய பதிப்பை வைத்துக் கணக்குப் போட்டால் நான்கு பேர் குடும்பத்துக்கு எவ்வளவு துண்டு விழும் என்று பாருங்கள்.

அதற்காகப் பழைய பதிப்பைத் தூக்கிப் போட வேண்டாம். விலை, பேருந்து, விடுதி, விசா பற்றி வரும் வரிகள் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டே போங்கள். கோயில் எந்தத் திசை பார்த்து நிற்கிறது, ஒரு கோயிலுக்கும் இன்னொன்றுக்கும் எவ்வளவு தூரம், எந்த மாதம் மழை, சுவரில் என்ன கதை செதுக்கியிருக்கிறது என்பதெல்லாம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. திட்டத்தை இவற்றின் மேல் கட்டிவிட்டு, கேள்விக்குறி போட்டவற்றை மட்டும் கிளம்புவதற்கு முன் இணையத்தில் சரிபார்த்தால் போதும்.

சரி, எந்த மாதம் போவது? நம் வீடுகளில் பள்ளி விடுமுறையைப் பார்த்து ஏப்ரல், மே என்று டிக்கெட் போட்டுவிடுவோம். தட்பவெப்பப் பக்கத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் அப்படிப் போட மாட்டோம். அங்கே ஆண்டிலேயே அதிக வெயில் ஏப்ரலில்தான். அதோடு கம்போடியர்களின் கெமர் புத்தாண்டும் நம் சித்திரை ஒன்றை ஒட்டியே வரும், ஊரே நிரம்பி வழியும். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் குறைந்து வறண்டிருக்கும். பொங்கல் விடுமுறையோடு இரண்டு மூன்று நாள் லீவு சேர்த்துக்கொள்ள முடிந்தால் அதுதான் அருமையான நேரம். ஊருக்குப் பக்கத்தில் உள்ள டோன்லே சாப் ஏரி மழைக்காலத்தில் பல மடங்கு விரிந்து கோடையில் சுருங்கிவிடும். ஏரிக்கரையில் உயரமான கால்கள் மேல் நிற்கும் வீடுகளைத் தண்ணீரோடு பார்க்க விரும்புகிறவர்கள் மார்ச், ஏப்ரலில் போய் ஏமாற வேண்டாம்.

அடுத்தது வரைபடம். இதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். பார்க்க விரும்பும் இடங்களையெல்லாம் புத்தகத்து வரைபடத்தில் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் விழும் வட்டங்களை ஒரு நாளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அங்கோரில் 17 கிலோமீட்டர் சிறிய சுற்று, 26 கிலோமீட்டர் பெரிய சுற்று என்று இரண்டு பாதைகள் உண்டு. அங்கோர் வாட், அங்கோர் தோம் கோட்டைக்குள் இருக்கும் பாயோன், மரவேர்கள் சுவரைக் கவ்விப் பிடித்திருக்கும் தா ப்ரோம் எல்லாம் சிறிய சுற்றில் வந்துவிடும். பெரிய சுற்றில் ப்ரியா கான், நீக் போன், ப்ரே ரூப். பந்தியாய் ஸ்ரேய் மட்டும் ஊரிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அதற்குப் போகிற சாலை ப்ரே ரூப் பக்கமாகத்தான் பிரிகிறது என்பது வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே காலையில் நேராக அங்கே போய்விட்டு, திரும்பும் வழியில் பெரிய சுற்றைப் பார்த்தால் டுக்டுக் என்கிற ஆட்டோவின் செலவில் ஒரு நாள் மிச்சம். எனக்கு அங்கோரிலேயே மிகவும் பிடித்தது 967-இல் எழுப்பிய பந்தியாய் ஸ்ரேய் என்கிற இந்தச் சின்னச் சிவன் கோயில்தான். இளஞ்சிவப்புக் கல்லில், ராவணன் கைலாயத்தை அசைக்கும் காட்சியை அத்தனை உருவங்களோடு செதுக்கியிருக்கிறார்கள். கிழக்கு பார்த்த கோயில் என்பதால் காலை வெயில் நேராக முகப்பில் விழும்.

திசையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுவதால் எல்லோரும் சூரிய உதயம் பார்க்கக் குளக்கரையில் கூடுகிறார்கள். அப்போது கோபுரங்கள் வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். அந்த அழகு வேறு. கல்லின் நிறத்தையும் முகப்பையும் பார்க்க வேண்டுமானால் மாலை மூன்று மணிக்கு மேல் போங்கள். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு நாளில் இரண்டு தடவை போகலாம். மூன்று நாள் சீட்டை வரிசையாக மூன்று நாளும் பயன்படுத்த வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம்.

இப்போது தரைப்படம். அங்கோர் வாட்டின் சுற்றுப்பிராகாரச் சுவர்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குப் புடைப்புச் சிற்பங்கள் ஓடுகின்றன. கோயில் என்றதும் நம் கால் தானாக வலம் வரத் தொடங்கும். மேற்கு வாசலில் நுழைந்து இடப்பக்கம் திரும்பிவிடுவோம். ஆனால் இந்தச் சுவர்களைப் பார்க்க வேண்டியது வலம் வருவதற்கு எதிர்த் திசையில். வலப்பக்கம் திரும்பினால் முதலில் குருக்ஷேத்திரம். இடமிருந்து கௌரவர் படை, வலமிருந்து பாண்டவர் படை, ஓரங்களில் ஒழுங்காக அணிவகுத்து வருகிறவர்கள் நடுவை நெருங்க நெருங்க ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அடித்துக்கொள்கிறார்கள். கௌரவர் பக்கத்தில் அம்புப் படுக்கையில் பீஷ்மர். அப்புறம் தெற்குச் சுவரில் கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் ஊர்வலம், சொர்க்கமும் நரகமும். கிழக்குப் பக்கம் திரும்பியதும் ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைகிறார்கள். கடைசியாக மேற்கு வாசலுக்குத் திரும்பி வரும்போது இலங்கைப் போர். கதை நமக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எந்தச் சுவரில் எது, எந்தப் பக்கம் அசுரர் என்பதைத் தரைப்படத்தில் முந்தின இரவே எண் போட்டு வைத்துக்கொண்டால், கூட்டத்தில் கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருக்காமல் சிற்பத்தைப் பார்க்கலாம். நான் அந்த இரண்டு பக்கங்களை மட்டும் நகலெடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு கேள்விக்குறிகளுக்கு வாருங்கள். விசாவை மட்டும் புத்தகத்தை நம்பிச் செய்யவே கூடாது. கம்போடிய அரசின் தளத்திலேயே விண்ணப்பியுங்கள், அதைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் வாங்கும் தளங்கள் உண்டு. விமானத்தில் வருகிறவர்கள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவம் 2024-இல்தான் வந்தது, பழைய பதிப்பில் அது இருக்காது. பாங்காக்கிலிருந்து போய்பெட் எல்லை வழியாகப் பேருந்தில் போகலாம் என்று பெரும்பாலான புத்தகங்கள் சொல்லும். 2025-இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் மோதல் வந்து அந்த எல்லையை மூடினார்கள். ஆகவே நிலவரம் தெரியாமல் தரைவழி டிக்கெட் எடுக்காதீர்கள், எல்லைப் பகுதிக் கோயில்களைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

பணத்துக்கு டாலரும் கம்போடிய நாணயமான ரியெலும் இரண்டும் ஓடும். ஓரம் கிழிந்த டாலர் நோட்டை வாங்க மாட்டார்கள் என்பதால் மாற்றும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் மொழிப் பக்கத்தை விடக் கூடாது. காய்கறிக் குழம்பில்கூட மீன் சாறோ ப்ரஹோக் என்கிற மீன் விழுதோ சேர்ப்பது அங்கே வழக்கம். நம் வாயில் கெமர் உச்சரிப்பு சரியாக வராது. மீனும் இறைச்சியும் வேண்டாம் என்கிற வரியைக் கெமர் எழுத்தில் இருக்கிறபடியே படம் எடுத்து வைத்துக்கொண்டு சமைக்கிறவரிடம் காட்டுங்கள். நான் அதைக் காட்டிய கடையில் அந்த அம்மாள் வரியின் மேல் விரலை வைத்து இரண்டு தடவை படித்துவிட்டு, மீன் சாறு பாட்டிலைத் தூக்கிக் காட்டி இதுவும் வேண்டாமா என்று தலையசைத்துக் கேட்டார்.

கடைசியாக, இறங்கிய அன்றைக்கே மாலை ஐந்து மணிக்கு மேல் சீட்டு மையத்துக்குப் போய் மறுநாளுக்கான சீட்டை வாங்கிவிடுங்கள். அந்த மாலையே உள்ளே போய் அஸ்தமனம் பார்க்கலாம், அதை ஒரு நாளாகக் கழிக்க மாட்டார்கள். மறுநாள் விடிகாலை இருட்டில் வரிசையில் நிற்கிற வேலையும் இல்லை.