நாயின் இமையில் கட்டியா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வயதான நாயின் இமை ஓரத்தில் மிளகு அளவுக்கு ஏதோ தெரிந்தால் பலரும் உண்ணி என்று நினைத்துப் பிடுங்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து இழுக்காதீர்கள். உண்ணிக்குக் கால் இருக்கும், வெளிச்சத்தில் பார்த்தாலே தெரியும். மரு என்று முடிவுகட்டி நூல் கட்டுவதும் சுண்ணாம்பு வைப்பதும் அதைவிட மோசம், சுண்ணாம்பு கண்ணுக்குள் போனால் பார்வையே போய்விடும்.

பெரும்பாலும் இது இமைக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியில் வளரும் சாதாரணக் கட்டிதான், புற்றுநோய் இல்லை. ஆனால் "சாதாரணக் கட்டிதானே" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் சிக்கல். நாய் ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் கட்டி கருவிழியில் உரசும், கண் சிவக்கும், பீளை தள்ளும், கடைசியில் புண்ணாகிவிடும். அந்த நேரத்தில் வீட்டில் கிடக்கும் மனிதருக்கான சொட்டு மருந்தை எடுத்து விடுகிறோம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆறாது, ஆழமாகிக் கருவிழியில் ஓட்டையே விழலாம். அதனால்தான் மருத்துவர் முதலில் ஒரு சாயத்தை விட்டு, பச்சையாக ஒளிர்கிறதா என்று பார்த்துப் புண் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வார்.

தள்ளிப்போடுவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. இமை நீளத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்து நேராகத் தைத்துவிடலாம். அதற்கு மேல் வளர்ந்துவிட்டால் பக்கத்துத் தோலை நகர்த்தி இமையையே புதிதாக அமைக்க வேண்டும். வெளியே தெரியும் நுனியை மட்டும் நறுக்கிவிடச் சொல்லாதீர்கள், வேர் இமைக்குள் இருப்பதால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும்.

குட்டி நாய்க்கு வரும் சில கட்டிகள் தானாகவே சுருங்கிவிடும், சரி, ஆனால் அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். கண்ணின் உள்மூலையில் சிவப்பாகப் பிதுங்கி நிற்பது கட்டியே அல்ல, மூன்றாம் இமையின் (நாய்க்குக் கண்ணின் உள்மூலையில் இருக்கும் கூடுதல் இமை) கண்ணீர்ச் சுரப்பியாக இருக்கலாம். அதை வெட்டி எடுத்தால் கண் வறண்டுபோகலாம்.

வெட்டி எடுத்த சதையைக் கட்டாயம் பயாப்ஸிக்கு (ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பச் சொல்லுங்கள். மெலனோமா, மாஸ்ட் செல் கட்டி போன்ற புற்றுநோய்க் கட்டிகளும் இமையில் வருகின்றன, வெறும் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்புறம், கண்ணைப் பிறாண்டாமல் இருக்க அறுவைக்குப் பிறகு நாய்க்கு மாட்டும் அந்தக் கழுத்துக் கூம்பு. தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும், அதுவரை கழற்றவே கூடாது. ஒரு ராத்திரி பாவம் பார்த்துக் கழற்றிவிட்டால் நாய் காலால் பிறாண்டித் தையலைப் பிய்த்துவிடும், மறுபடி மயக்க ஊசி, மறுபடி தையல்.