ஒருவர் பொய் சொல்கிறாரா என்று பார்ப்பது எப்படி? கடலூரில் வீடு தேடியபோது கற்றுக்கொண்டது

கண்ணைப் பார்த்துப் பேசவில்லையா, பொய். மூக்கைத் தொட்டால் பொய், வியர்த்தால் பொய். இப்படி நிறைய வீடியோக்கள் சுற்றுகின்றன. தயவுசெய்து இதை வைத்து யாரைப் பற்றியும் முடிவு கட்டாதீர்கள். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஆளைப் பார்த்தே உண்மை, பொய் பிரித்தவர்களுக்குச் சராசரியாக 54 சதவீதம்தான் சரியாக வந்திருந்தது. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

நம் பக்கத்தில் இந்தக் கண் கணக்கு இன்னும் மோசம். பெரியவர்கள் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்து நிற்பதுதான் மரியாதை என்று வளர்ந்த பிள்ளைகள் நாம். மஞ்சக்குப்பத்தில் நான் முன்பு வேலை பார்த்த கடையில் ஒருநாள் கல்லாவில் 500 ரூபாய் குறைந்தது. புதிதாகச் சேர்ந்த கிராமத்துப் பையன் ஒருவனை விசாரித்தபோது அவன் தரையைப் பார்த்தான், நாக்கு குழறியது, சட்டையெல்லாம் வியர்வை. அவன்தான் என்று எல்லோருமே நினைத்தோம், நானும்தான். இரண்டு நாள் கழித்து அந்த நோட்டு பில் புத்தகத்துக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதற்குள் அவன் வேலையை விட்டுப் போயிருந்தான். வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் அவன் திரும்பி வரவில்லை. பயந்தவனுக்கும் வியர்க்கும், பொய் சொல்கிறவனுக்கும் வியர்க்கும். இரண்டையும் முகத்தில் பிரித்துப் பார்க்க முடியாது.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? அவர் சொல்லும் கதையை.

முதல் படி: அவருடைய வழக்கமான பேச்சைத் தெரிந்துகொள்ளுங்கள். பொய் சொல்ல அவசியமே இல்லாத விஷயங்களைப் பேசுங்கள்: சொந்த ஊர், பஸ், வெயில். சிலர் எப்போதுமே இழுத்து இழுத்துத்தான் பேசுவார்கள், அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

இரண்டாம் படி: உங்களுக்குத் தெரிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பேச விடுங்கள். நம்மில் பலர் தவறுவது இங்கேதான். “நீ அங்க போனியாமே, பார்த்தவங்க சொன்னாங்க” என்று ஆரம்பத்திலேயே கொட்டிவிட்டால், அதற்குத் தகுந்த மாதிரி அவர் கதையை மாற்றிக்கொள்வார். குறுக்கே பேசாமல் “அப்புறம்?” என்று மட்டும் கேளுங்கள்.

மூன்றாம் படிதான் முக்கியமானது: அவர் தயார் செய்து வராத கேள்வியைக் கேளுங்கள். பொய் சொல்கிறவர் முக்கியமான கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பார், அதை ஒட்டி வரும் சின்னக் கேள்விகளுக்கு வைத்திருக்க மாட்டார். இங்கிலாந்தில் ஆல்டர்ட் வ்ரை என்ற ஆய்வாளர் பல வருடங்களாக ஆராய்ந்து வருவது இந்த மாதிரி கேள்வி கேட்கும் முறைகளைத்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் கெடிலம் ஆற்றுக்குக் கொஞ்சம் பக்கமாக ஒரு வீடு. 2015 மழையில் கடலூர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும், அதனால் முதல் கேள்வியே தண்ணீர் பற்றித்தான். புரோக்கர் சட்டென்று, “இந்தத் தெருவுல தண்ணி நின்னதே இல்ல சார், 2015-லயே நிக்கல” என்றார். என் கண்ணை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் வாடகை, அட்வான்ஸ் என்று பேசிவிட்டு, “மழைக்காலத்துல இங்க வண்டியெல்லாம் எங்க நிறுத்துவாங்க அண்ணே?” என்று கேட்டேன். “மெயின் ரோட்டு மேட்டுல விட்டுருவாங்க” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நிறுத்தி, “அதாவது, சில பேர்” என்றார். தண்ணீரே நிற்காத தெருவில் வண்டியை எதற்கு மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்?

நான்காம் படி: சரிபார்க்க முடிகிற விவரம் இருக்கிறதா பாருங்கள். உண்மை சொல்கிறவர் பேச்சில் பெயர், கடை, நேரம், கூட இருந்த ஆள் எல்லாம் தானாக வந்து விழும். பொய் சொல்கிறவர் “யாரோ ஒருத்தர்”, “அந்தப் பக்கம்”, “சாயங்காலம் மாதிரி” என்று நழுவுவது அதிகம். மறதியாலும் இப்படிப் பேசலாம் என்பதால், இது சந்தேகப்பட மட்டும்தான் காரணம்.

ஐந்தாம் படி: போய்ப் பாருங்கள். அந்த வீட்டுச் சுவருக்குப் புது பெயிண்ட் அடித்திருந்தார்கள். சமையலறை அலமாரிக் கதவைத் திறந்தால் உள்ளே பெயிண்ட் இல்லை, முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு நேராக ஓடியது. ப்ளக் பாயிண்ட் எல்லாமே என் நெஞ்சு உயரத்தில் இருந்தன. பக்கத்து வீட்டு அக்கா, “கட்டில் மேல கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம் தம்பி” என்றார். ஒரு வேளை நான் அலமாரியைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அந்த அக்காவிடம் கேட்டிருப்பேன். பக்கத்து வீட்டில் கேட்காமல் யாரும் வீடு எடுக்காதீர்கள்.

அவசரப்படுத்தினால் கவனம். “இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வர்றாங்க, இப்பவே ஜிபேல போடுங்க” என்பது பொய்க்கு ஆதாரம் ஆகாது, ஆனால் ஐந்தாம் படியைச் செய்ய விடாமல் தடுப்பது அதுதான்.

பொய் கண்டுபிடிக்கும் கருவி பற்றிக் கேட்பவர்களுக்கு: அது அளப்பது மூச்சு, நாடித்துடிப்பு, வியர்வை போன்றவற்றைத்தான். அந்தக் கடைப் பையனை அதில் உட்கார வைத்திருந்தாலும் அவன் பயத்தைத்தான் காட்டியிருக்கும். ஒருவரின் சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தப் படிகளைப் பயன்படுத்தினால் குரலை உயர்த்தாதீர்கள். டியூஷன் போனதாகச் சொல்லிவிட்டு சில்வர் பீச் போய் வந்த பிள்ளையிடம், “இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்தே?” என்று சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டால் போதும். பதில் தடுமாறினால் அப்படியே விட்டுவிடுங்கள், பெரும்பாலும் தூங்கப் போவதற்குள் அதுவே வந்து சொல்லிவிடும்.

கடைசியில் நான் வாடகைக்கு எடுத்தது வேறு தெருவில். வீட்டுக்கார அம்மா என் முகத்தை ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை, புடவை முந்தானையைத் திருகிக்கொண்டே பேசினார். நான் கேட்பதற்கு முன்னாலேயே சுவரில் கை வைத்து, “2015-ல இது வரைக்கும் வந்துச்சுப்பா, பார்த்துக்கோ” என்றார்.