செயின் லாக்கின் திசையைக் கவனியுங்கள்
இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வண்டியை உருட்டி, பைக் செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணியான செயின் லாக் பின்சக்கரப் பற்களின் மேல் வருமாறு நிறுத்துங்கள். பற்கள் இரு முனைகளையும் பிடித்துக்கொள்வதால் லாக்கைப் பூட்டியிருக்கும் கிளிப்பைக் குறட்டால் தள்ளுவது எளிது. நீளத்தைக் குறைக்க ஒரு கண்ணியை மட்டும் எடுக்க முடியாது. உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சேர்ந்தே போகும். 428 அளவுச் செயினில் இந்த ஜோடியின் நீளம் 25.4 மி.மீ. எடுக்கும் கண்ணியைக் கோத்திருக்கும் ஊசியின் (பின்) தலையை முதலில் அரத்தால் தேய்த்துவிட்டுத் தட்டுங்கள், இல்லையேல் தகடு வளைந்துவிடும். மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியே இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஓட்டத்தில் கிளிப் கழன்று விழலாம், இதில் அலட்சியமே கூடாது. தேய்ந்து நீண்ட பழைய செயினை வெட்டி ஓட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். அது பற்சக்கரத்தையும் தின்றுவிடும். புதிய செயின் நீளமாக இருந்தால் மட்டும் வெட்டுங்கள்.