பி.பிளான் படிக்க விரும்புவோர் செய்ய வேண்டியவை

புறவழிச்சாலை ஓரங்களில் நிற்கும் மனை விளம்பரப் பலகைகளில் ‘டிடிசிபி அப்ரூவ்டு’ என்ற சொற்களைப் பார்க்காதவர் தமிழ்நாட்டில் அரிது. ஆனால் அந்த ஒப்புதலை வழங்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தில் வேலை செய்பவர் என்ன படித்திருப்பார் என்று கேட்டால், சிவில் என்றோ ஆர்க்கிடெக்சர் என்றோதான் பலரும் சொல்வார்கள். அவ்விரண்டில் ஒன்றை முடித்துவிட்டு முதுநிலையில் நகரமைப்புக்கு வருவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்ததால், அந்த விடையில் பெரிய பிழையும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு நேரே இத்துறைக்குள் நுழைவதற்கான நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பே பி.பிளான்.

இதில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய ஊர்களில் உள்ள ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர் நிறுவனங்களிலும், போபாலின் மௌலானா ஆசாத் தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலும் இடம் பெற ஜேஇஇ மெயின் தேர்வின் 2பி தாளை எழுத வேண்டும். விண்ணப்பத்தில் 2ஏ என்று குறித்துவிட்டால் அது பி.ஆர்க் தாளாகிவிடும், நாட்டா தேர்வும் பி.ஆர்க் படிப்புக்கானதே. 2பி தாளில் படம் வரையும் பகுதி கிடையாது. இப்போதைய முறையில் 400 மதிப்பெண்ணில் பாதி ஆப்டிட்யூட் பகுதிக்கும், மீதி கணிதத்துக்கும் திட்டமிடல் தொடர்பான வினாக்களுக்கும் சமமாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. வினாத்தாளைத் தமிழிலும் பெறலாம். தனியார் கல்லூரி என்றால், கட்டடங்களைப் பார்த்து மயங்காமல், ஆசிரியர்களில் நகரமைப்பு படித்தவர்கள் எத்தனை பேர் என்றும், சென்ற ஆண்டு மாணவர்கள் களப்பணிக்கு எந்த ஊருக்குச் சென்றார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லத் தயங்கும் கல்லூரியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்குமாறு, என்னிடம் கேட்கும் மாணவர்கள் எல்லோருக்கும் சொல்வதுண்டு. உங்கள் தெருவை ஒரு தாளில் வரைந்துகொண்டு, இந்திய நகரமைப்பு வரைபடங்களின் வழக்கப்படி குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா, பள்ளி, மருத்துவமனை போன்ற பொதுப் பயன்பாட்டுக்குச் சிவப்பு, திறந்தவெளிக்குப் பச்சை என ஒவ்வொரு மனையாக வண்ணமிடுங்கள். அளவு நாடா இல்லாவிட்டால் காலடியால் அளந்தால் போதும். பிறகு அதே தெருவுக்கு இரவு ஏழு மணிக்கு மறுபடியும் செல்லுங்கள்.

முதலாண்டில் நான் ஒரு தெருவைக் காலை பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டு, முழுவதும் மஞ்சளாகத் தீட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் அதை ஒரு முறை பார்த்துவிட்டு, “சாயங்காலம் போய்ட்டு வா” என்று மட்டும் சொன்னார். போனால், நான் வீடு என்று குறித்திருந்த ஒன்றின் திண்ணையில் இட்லிக் கொப்பரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது; அடுத்த வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்கள் ஓடின; அதற்கடுத்த வீட்டு மாடியில் டியூஷன் நடந்தது, வாசலில் சைக்கிள்கள் அடுக்கி நின்றன. மஞ்சளின் மேல் நீலக் கோடுகளை இழுத்துக் கலப்புப் பயன்பாடு என்று குறித்துக்கொண்டிருந்தபோது, “இப்படி எழுதிட்டா கரண்ட் பில்லு கடை ரேட்டுக்கு மாறிடுமா தம்பி?” என்று இட்லிக்கடை அக்கா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இத்தகைய கேள்வி உங்களுக்கு எரிச்சலை மட்டும் தந்தால் வேறு படிப்பைப் பார்ப்பது நல்லது. விடையைத் தேடிப் போகத் தோன்றினால் தாராளமாகச் சேரலாம்.

சேர்ந்த பிறகு நேரத்தைப் பெரிதும் விழுங்குவது ஸ்டூடியோ, அதாவது ஓர் இடத்தை ஆராய்ந்து அதற்குத் திட்டம் தீட்டும் செய்முறைப் பாடம். தெரு, குடியிருப்புப் பகுதி, சிறு நகரம், பிறகு ஒரு வட்டாரம் என ஆண்டுதோறும் பரப்பு விரியும். எந்த இடத்தைக் கொடுத்தாலும், அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்பதிலிருந்து தொடங்கப் பழகுங்கள். தியாகராய நகர், 1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து அமைக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் ஏரி இல்லாத லேக் வியூ சாலை இன்றும் இருக்கிறது. பழைய வரைபடத்தைத் தேடிப் பார்த்த மாணவருக்கு அங்கே மழைநீர் தேங்குவது வியப்பளிக்காது.

வட்டாரம் என்ற சொல் ஏன் வேண்டும் என்பதற்கு நொய்யல் ஆறு நல்ல பாடம். 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, மேலே திருப்பூரிலிருந்து வந்த சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. திருப்பூரின் நகர எல்லைக்குள் எவ்வளவு அழகாகத் திட்டம் தீட்டினாலும் அதன் கழிவு அணையடி விவசாயியின் கிணற்றில் தெரியும் என்பதால்தான், நகரத்தோடு ஆற்றுப்படுகையையும் சேர்த்துப் படிக்கிறோம்.

போக்குவரத்துப் பாடத்தில் வாகனங்களை எண்ணி, அவற்றைக் கார் அலகுகளாக மாற்றக் கற்றுத்தருவார்கள். அந்தக் கணக்கில் ஒரு பேருந்து ஒன்றுக்கு மேற்பட்ட கார்களுக்குச் சமமாகும். சாலையில் அது அடைக்கும் இடத்தைக் குறிக்கும் எண் அது. அதற்குள் ஐம்பது பேர் நிற்பதை அந்த எண் சொல்லாது. ஆகவே தாளின் ஓரத்தில் ஆட்களின் எண்ணிக்கைக்கென்று தனியாக ஒரு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்.

மென்பொருளில், வரைபடங்களைத் தயாரிக்க உதவும் கியூஜிஐஎஸ் இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரி சொல்லும் வரை காத்திராமல் முதலாண்டு விடுமுறையிலேயே கற்கத் தொடங்கலாம். அதைவிட முக்கியமானது ஆவணம் படிக்கும் பழக்கம் என்பது என் எண்ணம். புல வரைபடத்தில் சர்வே எண்ணைக் கண்டுபிடிக்கவும், அதைப் பட்டாவோடு ஒப்பிடவும், 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படிக்கவும் தெரிந்தவரை எந்த அலுவலகமும் விரும்பும். 2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011-இன் எண்களிலிருந்து முன்கணிக்கும் முறைகளையும் நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேலையைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்வதானால், தேவை பெரிது, வாசல் குறுகலானது. இந்தியாவின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 விழுக்காட்டுக்கு, நிலப் பயன்பாட்டையும் வளர்ச்சியையும் வகுக்கும் மாஸ்டர் பிளானே இல்லை என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆயினும் அரசுப் பணியிடங்களுக்கான கல்வித் தகுதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது; சிலவற்றுக்கு முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள். எனவே நீங்கள் விரும்பும் பதவிக்குத் தேர்வாணையம் முன்பு வெளியிட்ட அறிவிக்கைகளை முதலாண்டிலேயே எடுத்து, தகுதிப் பகுதியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். எம்.பிளான் தேவைப்படும் என்று தெரிந்தால், அந்த இரண்டாண்டுகளையும் அதற்கான செலவையும் சேர்த்தே வீட்டில் பேசி முடிவெடுங்கள்.