நாவல் பழ விஸ்கி சவர்: ருசியைக் கெடுக்கும் தவறுகள்

ஆனி பிறந்ததும் மதுரைத் தெருக்களில் நாவல் பழக் கூடைகள் வந்துவிடும். பக்கத்து ஓட்டல் பாரில் ஆர்வமுள்ள பார்டெண்டர் இருந்தால், அதே பழம் விஸ்கி சவருக்குள்ளும் போகும்: 60 மில்லி விஸ்கி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, பிழிந்த நாவல். வருஷத்தில் சில வாரமே கிடைக்கிற பழத்தை அவசரத்தில் வீணாக்குவது எனக்குப் பொறுக்காது.

பெரிய தவறு சைடு டிஷ்ஷில்தான் தொடங்குகிறது. நம்மூரில் கிளாஸுக்கு முன்னால் மட்டன் சுக்கா வந்துவிடும். மிளகாயும் மிளகும் நாக்கில் எந்த நரம்பைத் தூண்டுகின்றனவோ, அதையேதான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். பழ வாசம் அடியோடு போய்விடும். முதல் நாலு வாய்க்கு அவித்த கடலையோ வெள்ளரித் துண்டோ போதும், சுக்கா பிறகு வரட்டும். அதற்காக வெறும் வயிற்றோடு போகாதீர்கள், வீட்டில் ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வெற்றிலை பாக்கு போட்ட வாயும் வேண்டாம்.

அடுத்தது, ஒரே மடக்கில் இறக்குவது. கசப்பு மருந்து மாதிரி விழுங்கும் பழக்கம், வாசம் தெரியக்கூடாத சரக்குக்குச் சரி. இதை முகர்ந்து, சிறிதாக உறிஞ்சி, வாயில் ஒரு கணம் நிறுத்த வேண்டும். முதல் வாயில் புளிப்பும் சுள்ளென்ற உறைப்பும்தான் தெரியும். இரண்டாவது வாயில் துவர்ப்பு வரும். அதைக் குறை என்று நினைத்து “இன்னும் கொஞ்சம் சுகர்” கேட்கிறார்கள், அங்கேதான் எல்லாம் கெடுகிறது. நாவலின் துவர்ப்பும் பீப்பாயில் ஊறிய விஸ்கியின் மரத் துவர்ப்பும் கைகோப்பதே இந்தக் கலவையின் அழகு. கட்டாயம் ஏதாவது கேட்பதானால் ஒரு சிட்டிகை உப்பு கேளுங்கள். உப்பு கசப்பை அமுக்கி இனிப்பை முன்னே கொண்டுவரும். தெருவில் நாவல் விற்கும் அம்மாக்கள் உப்புத் தூவித் தருவது சும்மா இல்லை.

ஐஸ் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்ற சந்தேகமும் தேவையில்லை. விஸ்கியை அளந்துதான் ஊற்றுகிறார்கள். உருகும் தண்ணீரும் அந்தக் கலவையில் ஒரு பங்கு. ஆனால் பேச்சு சுவாரஸ்யத்தில் அரை மணி நேரம் தொடாமல் வைத்தால் வெறும் கலர் தண்ணீர்தான் மிஞ்சும்.

சில பார்களில் விஸ்கி சவரில் பச்சை முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். சைவ நண்பர் கூட இருந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழம் பிழிந்ததா, பாட்டில் சிரப்பா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம், தப்பில்லை.

ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது: ஜூஸ் மாதிரி இறங்குவதால் லேசானது என்று நம்புவது. ஒரு கிளாஸில் இருப்பது முழு லார்ஜ், அதாவது 60 மில்லி விஸ்கி. மூன்று கிளாஸ் என்றால் 180 மில்லி, அதாவது ஒரு குவாட்டர். இந்திய விஸ்கிகளில் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டி வண்டி ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே கிளாஸில்கூட அந்த அளவைத் தாண்டிவிட முடியும். பைக்கை வீட்டிலேயே நிறுத்திவிட்டு ஆட்டோவில் போங்கள்.